பொம்மை வருவதற்குள் விசில்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆயுத பூஜை விடுமுறையில் மாமியார், கணவர், இரண்டு பிள்ளைகளோடு ஹைதராபாத் போயிருந்தோம். நகரைச் சுற்றிக்காட்ட ஒரு தனியார் வேனில் இடம் பிடித்தோம். ‘ஒரே நாளில் 7 இடங்கள்’ என்று துண்டுப் பிரசுரத்தில் பெருமையாகப் போட்டிருந்தார்கள். ஏமாந்தது அங்கேதான்.

சாலார் ஜங் அருங்காட்சியகத்தில் ஒரு பழைய கடிகாரம் இருக்கிறது. மணிக்கொரு தடவை குட்டிப் பொம்மை ஒன்று கதவைத் திறந்து வந்து மணியடிக்கும். 12 மணிக்குப் பன்னிரண்டு அடியையும் எண்ணப் போவதாக என் சின்னவன் முதல் வரிசையில் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டான். 11.50க்கு வேன்காரர் விசில் ஊதினார். அழுதவனைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். எதற்கு? சாப்பாட்டுக்கு என்று ஒரு ஓட்டல் வாசலில் ஒன்றரை மணி நேரம் நிற்க!

1591இல் கட்டிய சார்மினாரை ஜன்னல் வழியாகத்தான் பார்த்தோம். லாட் பஜாரில் அரக்கு வளையல் வாங்க மாமியார் முடிந்து வைத்திருந்த பணம் அப்படியே ஊர் திரும்பியது. கோல்கொண்டா வாசலில் கைதட்டினால் மலை உச்சியில் கேட்குமாம். தட்டினோம், கேட்க மேலே ஏறத்தான் நேரமில்லை.

எந்த இடத்தில் எத்தனை நிமிடம், எத்தனை படி என்பதைச் சுற்றுலா நடத்துவோர் பிரசுரத்திலேயே அச்சிட வேண்டும். இடங்கள் மூன்றானாலும் பரவாயில்லை.

ஒரு வாசகி,
தேனி