ஹைக்கூப் போட்டி நடுவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நடுவர்களே, அமைப்பாளர்களே,

வணக்கம். மூன்று வரி, கடைசி வரியில் ஒரு திருப்பம்: போட்டி அறிவிப்புகளில் நாங்கள் பார்க்கும் விதி பெரும்பாலும் இதுதான். சில அறிவிப்புகள் 5-7-5 எழுத்தும் கேட்கின்றன. இரண்டையும் மாற்றுங்கள்.

ஹைக்கூவுக்கு ஜப்பானியர் எண்ணும் ‘ஓன்’ என்ற ஒலியளவு நம் எழுத்து அன்று. அங்கே நெடிலுக்கு இரண்டு. ‘நிப்பொன்’ என்பதில் வரும் ஒற்றுகளுக்கும் ஆளுக்கொன்று. ஆக அது நான்கு ஓன். ஒற்று நீக்கி எண்ணும் கட்டளைக் கலித்துறை என்ற நம் மரபுச் செய்யுளின் கணக்கில் அதுவே இரண்டெழுத்து. பதினேழை எட்டுவதற்காகத் திணிக்கும் ‘ஒரு’வும் ‘அந்த’வும் கவிதையைத் தளர்த்துகின்றன.

திருப்பம் செய்யும் கேடு இதைவிடப் பெரிது. ஜப்பானிய ஹைக்கூ கவிஞர் பாஷோவின் தவளைக் கவிதையில் (1686) ‘ஃபுரு இகே யா’ என்ற முதலடியின் ‘யா’ ஒரு வெட்டுச்சொல், அதாவது கவிதையை ஓரிடத்தில் நிறுத்தி இரண்டாகப் பிரிக்கும் சொல். பழைய குளம் அங்கே நின்றுவிடுகிறது. பிறகுதான் தவளை குதிக்கிறது, நீரோசை கேட்கிறது. குளத்தையும் ஓசையையும் இணைப்பது வாசகர் வேலை. தமிழில் வெட்டுச்சொல் இல்லாவிட்டாலும், பெயர்ச்சொல்லில் நிறுத்திக் கோடு போட்டால் போதும்:

முதல் ஈசல் –
அணைத்த விளக்கின் சூடு
விரல் நுனியில்

மூன்றாம் அடியை ‘வாழ்க்கையும் இப்படித்தான்’ என்று மாற்றிப் பாருங்கள். ஈசலும் போய்விடும், சூடும் போய்விடும். வந்த கவிதையை ஒரே வரியாக எழுதி வாய்விட்டுப் படியுங்கள். எங்கும் நிற்கவில்லையென்றால் அது உடைத்துப் போட்ட வாக்கியம். இரண்டு இடத்தில் நின்றால் துணுக்குகள். ஒரே இடத்தில் நிற்பதை எடுத்து வையுங்கள்.

பருவகாலத்தைச் சுட்டும் பருவச்சொல்லையும் கேளுங்கள். ஜப்பானில் இதற்கென்றே ‘சைஜிகி’ என்ற தொகுப்புகள் உண்டு; வெறுமனே ‘நிலா’ என்றாலே அங்கே இலையுதிர்காலம். அதற்காகச் செர்ரிப்பூவும் உறைபனியும் நமக்கு வேண்டாம். கார், கூதிர் தொடங்கி முதுவேனில் வரை ஆறு பெரும்பொழுது வகுத்த மொழி இது. ஈசல், மாம்பூ, வேப்பம்பூ, நுங்கு, மார்கழிப் பனி என்று அறிவிப்போடு ஒரு பட்டியல் கொடுத்தால் எழுதுபவர்களுக்குப் பிடி கிடைக்கும்.

அரசியல் கிண்டலும் மனிதர் நடத்தையும் பாடும் மூன்றடிகளைத் தள்ளிவிடாதீர்கள். பலவும் நல்ல கவிதைகள். அவை ‘சென்ரியு’ என்ற வேறொரு ஜப்பானிய வகை. பருவச்சொல்லும் வெட்டும் அதற்குக் கட்டாயமில்லை. ஹைக்கூவோடு ஒரே குவியலில் வைத்து மதிப்பெண் போட்டால், உடனே சிரிக்க வைப்பதுதான் எப்போதும் முந்தும். அடுத்த அறிவிப்பிலேயே சென்ரியுவுக்குத் தனிப் பிரிவும் தனிப் பரிசும் வையுங்கள்.

அன்புடன்,
ஹைக்கூ எழுதுவோர் சிலர்