தனியுரிமைச் சட்டம் எழுதும் உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். இணையத்தில் வேவு பார்க்கிறார்கள் என்று மக்கள் முறையிடும்போதெல்லாம் உங்களிடமிருந்து ஒரே பதில்தான் வருகிறது: வி.பி.என். (நம் இணையப் போக்குவரத்தை வேறொருவரின் கணினி வழியே சுற்றிவிடும் சேவை) போடுங்கள், குக்கிகளை (தளங்கள் நம் உலாவியில் விட்டுவைக்கும் அடையாளக் குறிப்புகளை) அழியுங்கள், செட்டிங்ஸை மாற்றுங்கள். அண்மைச் சுற்றறிக்கையிலும் அதேதான்.

வி.பி.என். போட்டால் இணைய இணைப்பு தருபவரின் கண்ணுக்குத் தப்பலாம்; வி.பி.என். விற்பவரின் கண்ணில் விழுவோம். குக்கியை அழித்தாலும் திரை அளவு, எழுத்துருக்கள், நேர மண்டலம் இவற்றைச் சேர்த்தே கருவியை அடையாளம் கண்டுவிடுகிறார்கள். தடுப்பதற்கென்று உலாவியில் நீட்சிகளை, அதாவது கூடுதல் துணைநிரல்களை, அடுக்கினால் இன்னும் மோசம். அந்தச் சேர்க்கை வேறு யாரிடமும் இல்லாமல் போய், அதுவே காட்டிக்கொடுக்கும். எல்லாரும் ஒரேபோலத் தெரியவேண்டும் என்பதற்காகத்தான், ஆளை மறைக்கவென்றே செய்யப்பட்ட டோர் உலாவி தன் சாளரத்தை 200-க்கு 100 பிக்சல் மடங்குகளில் திறக்கிறது. இழுத்துப் பெரிதாக்கினால் ஓரத்தில் வெற்றுப் பட்டை போட்டு ஈடுகட்டுகிறது. ஒரு சாளர ஓரத்துக்கே இந்தப் பாடு! செல்பேசி எந்தக் கோபுரத்தோடு பேசியது என்று, நாம் இருந்த இடத்தைக் காட்டிக்கொடுக்கும் பதிவுக்கு எந்தச் செயலியிலும் மருந்தில்லை.

டூ நாட் ட்ராக் என்ற உலாவி வசதி பட்ட பாடு உங்களுக்குத் தெரியாததல்ல. 'டி.என்.டி: 1' என்று உலாவி அனுப்பும் ஒற்றை வரி, என்னைப் பின்தொடராதே என்று பொருள். 2011-இல் ஃபயர்பாக்ஸில் வந்தது. மதித்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. விளம்பர நிறுவனங்கள் பெரும்பாலும் மதிக்கவும் இல்லை. அந்த வரியே ஆளை அடையாளம் காண உதவக்கூடும் என்று 2019-இல் சஃபாரி அதை நீக்கிவிட்டது. குளோபல் பிரைவசி கண்ட்ரோலும், என் தகவலை விற்காதே என்று உலாவி அனுப்பும் அதேபோன்ற ஒரு வரிதான். ஆனால் கலிஃபோர்னியாவில் அதன் பின்னால் சட்டம் நின்றது. அதை மதிக்கவில்லை என்பதும் ஒரு குற்றச்சாட்டாக இருந்த வழக்கில், 2022-இல் அழகுப்பொருள் விற்கும் செஃபோரா நிறுவனம் 12 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. நுட்பம் மாறவில்லை; பின்னால் சட்டம் நின்றதுதான் வேறுபாடு.

ஆகவே கேட்கிறோம்: உலாவி அனுப்பும் மறுப்பை மதிப்பதைச் சட்டக் கடமையாக்குங்கள்.

குடிநீரில் சாக்கடை கலந்தால் வீட்டுக்கு வீடு பரிசோதனைக் கூடம் வைத்துக்கொள்ளச் சொல்வீர்களோ? சொன்னாலும் சொல்வீர்கள். மறையாக்கம் (செய்தியைப் பிறர் படிக்கமுடியாதபடி பூட்டி அனுப்பும் முறை) பயன்படுத்துங்கள் என்று அறிவுரை சொல்லும் அதே அவைகளில்தானே, செய்தி பூட்டப்படுவதற்கு முன்பே போனுக்குள் துழாவ வரைவுகள் வருகின்றன!

மன்னிக்கவும், கோபம் முந்திக்கொண்டது. கோபுரப் பதிவுகளை எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்பதற்கு ஒரு வரம்பு வையுங்கள். அதற்கும் முன்பாக, உலாவியின் மறுப்பைக் கட்டாயமாக்கும் பிரிவை அடுத்த திருத்தத்திலேயே சேர்க்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம். வரைவுக்கு வேண்டிய தொழில்நுட்ப விவரங்களை எழுதித்தர ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் சுற்றறிக்கைக்கு விளக்கம் சொல்லியே ஓய்ந்துபோன கணினிப் பணியாளர்கள் சிலர்