ரங்கூன் எந்தத் தேதியில் விழுந்தது?

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் இரண்டாம் உலகப்போர் தொடரில் சென்ற இதழில் வந்த, பர்மாத் தலைநகர் ரங்கூன் ஜப்பானியரிடம் வீழ்ந்த கட்டுரையைப் படித்தேன். ரங்கூனுக்குக் கிழக்கே சிட்டாங் ஆற்றுப் பாலம் தகர்ந்ததும், பிரிட்டிஷ் தளபதி ஜெனரல் அலெக்சாண்டர் மயிரிழையில் தப்பியதும் விறுவிறுப்பாக எழுதப்பட்டிருக்கின்றன. ஆனால் அவ்வளவு நீளக் கட்டுரையில் துறைமுகத்துக்குக் கிடைத்தது ஏதோ இரண்டு வரிதான். அங்கே மூட்டை தூக்கியவர்கள் ஓரிடத்திலும் இல்லை. கப்பல் சரக்குக் கணக்கு எழுதியே பிழைத்தவன் நான். என் கண்ணில் முதலில் பட்டது அதுதான்.

ஜப்பானிய ராணுவம் நகருக்குள் நுழைந்தது 1942 மார்ச் 8 என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் ஒரு துறைமுக நகரம் விழுந்த தேதியை எதிரி உள்ளே வந்த நாளை வைத்துக் கணக்குப் போடுவது சரியா? என்னைக் கேட்டால் ரங்கூன் விழத் தொடங்கியது 1941 டிசம்பர் 23, முதல் குண்டு விழுந்த அன்றைக்கே.

ஜப்பானுக்கு ரங்கூன் ஏன் அவ்வளவு முக்கியம்? சீனாவின் கடற்கரைத் துறைமுகங்கள் அவர்கள் பிடியில் போய்விட்டன. சீனத் தலைவர் சியாங் கை ஷேக்கின் படைக்கு அமெரிக்கா அனுப்பிய தளவாடம் ரங்கூனில் இறங்கி, ரயிலில் வட பர்மாவின் லாஷியோ போய், அங்கிருந்து லாரிகளில் சுமார் 1,150 கிலோமீட்டர் மலைப்பாதையில் சீனாவின் குன்மிங் போய்ச் சேர வேண்டும். கட்டுரை இதைச் சொல்கிறது. சொல்லாமல் விட்டது, பர்மாவைக் காக்க வந்த பிரிட்டிஷ் படைக்கும் வாசல் அதே ஒன்றுதான் என்பதை. இந்தியாவிலிருந்து பர்மாவுக்கு அன்று உருப்படியான தரைவழி கிடையாது. ஆள், தோட்டா, டாங்கி எல்லாமே கப்பலில் வந்து அந்தத் துறைமுக ஜெட்டிகளில்தான் (கப்பல் அணையும் மேடைகளில்தான்) இறங்கியாக வேண்டும்.

அதை இறக்கியவர்கள் யார்? 1931 கணக்கெடுப்பில் ரங்கூனின் மக்கள்தொகை சுமார் நாலு லட்சம். அதில் பாதிக்கு மேல் இந்தியர். கப்பல் கூலிகளில் பெரும்பாலோர் ஆந்திரக் கரையிலிருந்து போன தெலுங்கர்கள், பர்மியர் வாயில் 'கோரங்கி'கள். தமிழர்கள் அரிசி ஆலைகளிலும் கடைகளிலும் ஆபீஸ்களிலும் இருந்தார்கள். முகல் தெருவில் செட்டியார்களின் வட்டிக்கடைகள். தெருக் கூட்டுவதிலிருந்து மலம் அள்ளுவது வரை இந்தியக் கைகள்தான். 1930 மே மாதம் கப்பல் கூலிகள் சம்பள உயர்வு கேட்டு நிறுத்தம் செய்தபோது, கம்பெனிகள் பர்மியரை வேலைக்கு அழைத்து, சமரசம் ஆனதும் அவர்களைத் துரத்திவிட்டன. அதில் மூண்ட கலவரத்தில் செத்தவர்களில் பெரும்பாலோர் இந்தியக் கூலிகள். ஆக, இந்தத் தொழிலாளி இல்லாவிட்டால் துறைமுகம் படுத்துவிடும் என்பது அரசுக்குப் பத்து வருஷத்துக்கு முன்பே தெரிந்த சங்கதி.

இருந்தும் அவனைக் காக்க என்ன செய்தார்கள்? டிசம்பர் 23 காலை விமானங்கள் வந்தபோது ஜனங்கள் தெருவில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒதுங்குவதற்குப் போதுமான இடமே இல்லை. அன்று ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். இரண்டு நாள் கழித்து, கிறிஸ்துமஸ் அன்று, மறுபடியும் குண்டு. பிணம் எடுக்க ஆளில்லை, குப்பை அள்ள ஆளில்லை. கூலிகள் பெண்டு பிள்ளைகளோடு ப்ரோம் சாலையில் வடக்கே நடக்கத் தொடங்கிவிட்டார்கள்.

அடுத்து நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது. ஓடியவர்களைப் பாதி வழியில் மறித்து, சமாதானம் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். துறைமுகம் நடக்க வேண்டுமாம். கப்பலிலாவது போகலாம் என்றால், வேலை செய்யும் வயதிலுள்ள இந்திய ஆண்கள் டெக் டிக்கெட்டில், அதாவது திறந்த மேல்தளத்துக்கான மலிவு டிக்கெட்டில், ஏறக் கட்டுப்பாடு. காசுள்ளவன் கேபினில் போனான். கூலிக்குக் கிடைத்தது டெக் மட்டும்தான், அதையும் அடைத்துவிட்டார்கள். திரும்பி வந்தவர்களும் பிப்ரவரி வரை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வேலை பார்த்தார்கள். அப்புறம் யார் தடுத்தும் நிற்கவில்லை.

அதன் விலை என்ன என்பதற்கு ஒரு காட்சி போதும். பிப்ரவரி 21ஆம் தேதி 7ஆவது கவச பிரிகேட் என்ற பிரிட்டிஷ் டாங்கிப் படை ரங்கூன் வந்து சேர்கிறது. அந்தக் கட்டத்தில் பிரிட்டிஷ் படைக்குக் கிடைத்த ஒரே நல்ல உதவி அது. ஜெட்டியில் ஈ காக்கை இல்லை. டாங்கி ஓட்ட வந்த சிப்பாய்களே கப்பல் கிரேனைப் பிடித்து, பன்னிரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள டாங்கிகளை ஒவ்வொன்றாக இறக்கினார்கள். கிரேன் வேலை தெரிந்தவர்களுக்கு இது புரியும்: கீழே நின்று கையசைத்து ஏற்று, இறக்கு என்று சொல்ல ஒரு பழகின ஆள் இல்லாமல் அந்த எடையைத் தூக்குவது தற்கொலைக்குச் சமம். சீனாவுக்குப் போக வேண்டிய லாரிகளோ இன்னும் பூட்டி முடிக்காத பாகங்களாகவே கிடந்தன. எடுத்துப் போக ஆளும் இல்லை, அவகாசமும் இல்லை. நூற்றுக்கணக்கில் அங்கேயே அழித்தார்கள்.

சிட்டாங் பாலத்துக்கு வருகிறேன். பிப்ரவரி 23 விடியற்காலையில் அது தகர்க்கப்பட்டபோது பிரிட்டிஷ் படையின் 17ஆவது இந்திய டிவிஷனில் பெரும்பகுதி எதிரி இருந்த அக்கரையில் மாட்டிக்கொண்டது. நீந்தி வந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் கையில் துப்பாக்கி கிடையாது. பெரிய அடிதான், மறுக்கவில்லை. ஆனால் பாலம் நின்றிருந்தால் ரங்கூன் பிழைத்திருக்கும் என்று உங்கள் கட்டுரையாளர் எழுதுவதை ஏற்க முடியவில்லை. சிங்கப்பூர் பிப்ரவரி 15ஆம் தேதியே போய்விட்டது. ஆஸ்திரேலிய டிவிஷனை ரங்கூனுக்குத் திருப்ப சர்ச்சில் கேட்டார். ஆஸ்திரேலியப் பிரதமர் கர்ட்டின் முடியாது என்றார். அப்படியே வந்திருந்தாலும் இறக்க ஆள் வேண்டாமா? (கவர்னர் மாளிகையில் கடைசி இரவு பழைய கவர்னர்களின் படங்கள் மேல் பில்லியர்ட்ஸ் பந்தை வீசி விளையாடியதைக் கட்டுரையாளர் ரசித்து எழுதியிருக்கிறார். அதற்குச் செலவழித்த இடத்தில் பாதியைக் கூலிகளுக்குக் கொடுத்திருக்கலாம்.)

மார்ச் 7ஆம் தேதி சிரியம் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையையும் துறைமுகத்தையும் பிரிட்டிஷாரே கொளுத்திவிட்டுக் கிளம்பினார்கள். ரங்கூனுக்கு வடக்கே டாக்கியானில், அவர்கள் போக வேண்டிய சாலையை மறித்திருந்த ஜப்பானியர், தங்கள் பெரும்படை சாலையைக் கடந்து ரங்கூன் பக்கம் போனதும் தடையை எடுத்துவிட்டார்கள். அலெக்சாண்டர் தப்பியது அப்படித்தான். மறுநாள் ஜப்பானின் 33ஆவது டிவிஷன் நுழைந்தது காலி நகரத்துக்குள்.

நகரத்திலிருந்தவர்கள் எங்கே போனார்கள்? பர்மா முழுவதிலுமிருந்து இந்தியா நோக்கிக் கிளம்பியவர்கள் நாலைந்து லட்சம் பேர். ப்ரோமில் காலரா. அங்கிருந்து டவுங்கப் கணவாய் ஏறி அரக்கான் கரைக்கு ஒரு வழி. தமு, பலேல் வழியாக மணிப்பூருக்கு இன்னொன்று. மழை தொடங்கிய பிறகு ஹுக்காங் பள்ளத்தாக்கு வழியாக அசாமுக்கு மூன்றாவது. வழியில் செத்தவர்களுக்குச் சரியான கணக்கே இல்லை. குறைத்துச் சொல்பவர்களும் பத்தாயிரத்துக்குக் கீழே சொல்வதில்லை. முகாம்களிலும் வண்டிகளிலும் வெள்ளைக்காரருக்கு ஒரு நீதி, இந்தியருக்கு ஒரு நீதி என்ற புகார் அன்றே டெல்லி சட்டசபை வரை போனது. பர்மா அரிசி நின்றது, அடுத்த வருஷம் வங்கத்தைக் கொன்ற பஞ்சத்துக்கு ஒரு காரணம். இது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

தொடரில் இனி 1945 வரும் என்று போட்டிருக்கிறீர்கள். அந்த ஏப்ரல் கடைசியில் ஜப்பானியர் ரங்கூனைக் கைவிட்டுப் போனபோது, மே 3ஆம் தேதி பிரிட்டிஷ் படை வந்து சேரும்வரை கொள்ளை நடக்காமல் நகரத்தைக் காத்தது நேதாஜி விட்டுச்சென்ற இந்திய தேசிய ராணுவ (ஐ.என்.ஏ.) வீரர்கள், சுமார் ஐயாயிரம் பேர். அவர்களுக்குத் தலைமை மேஜர் ஜெனரல் ஆ. து. லோகநாதன், மருத்துவரான தமிழர். அவரைப் பற்றி ஒரு பக்கமாவது எழுதச் சொல்லுங்கள். சென்ற இதழ் வரைபடத்தில் படைகள் போன அம்புக்குறி மட்டும்தான் இருந்தது. டவுங்கப், தமு, ஹுக்காங் மூன்று பாதைகளையும் சேர்த்து அதை மறுபடி அச்சிட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற துறைமுக ஊழியர்,
ராயபுரம், சென்னை