படுக்கைப் பேருந்தில் அடைபட்டுக் கிடக்கும் அவசர வழி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிள்ளை பெற்றிருக்கும் மகளுக்குத் துணையாக, வள்ளியூரிலிருந்து சென்னைக்கு மாதம் இருமுறையாவது இரவுப் பேருந்தில் போய் வருகிறேன். ரயிலில் இடம் கிடைக்காத நாள்களில் எங்களைப் போன்றவர்களுக்குக் குளிர்சாதனப் படுக்கை வசதியுள்ள ஆம்னி பேருந்தை விட்டால் வேறு கதியில்லை. சென்ற மாதம் அப்படியொரு பயணத்தில் கண்டதைத் தங்கள் நாளிதழ் வழியாக அதிகாரிகளின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

எனக்குக் கிடைத்தது பின்வரிசையில் கீழ்ப்படுக்கை. பக்கத்துக் கண்ணாடியில் ‘அவசர வழி’ என்று சிவப்பில் எழுதி, பாதி எழுத்தைத் திரைச்சீலையால் மறைத்திருந்தார்கள். கண்ணாடியை உடைக்கும் சுத்தியலை மாட்டும் பிடி இருந்தது, சுத்தியல் இல்லை. பின்புற அவசரக் கதவின் முன்னே போர்வை மூட்டைகளும், யாருக்கோ பார்சலாகப் போகும் இரண்டு அட்டைப் பெட்டிகளும் ஆள் உயரத்துக்கு அடுக்கப்பட்டிருந்தன. கிளீனர் தம்பியை அழைத்துக் கேட்டேன். “சுத்தியல ஆளுங்க எடுத்துட்டுப் போயிடுறாங்கம்மா. டிரைவர்கிட்ட ஒண்ணு இருக்கு, நீங்க பயப்படாம படுங்க” என்றார். ஓட்டுநர் இருக்கும் பகுதிக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு தடுப்புக் கதவு உண்டு. விளக்கை அணைத்ததும் அதையும் சாத்திவிட்டார்கள். அன்று இரவு நான் கண் மூடவில்லை.

என் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 2013 அக்டோபர் 30 அன்று பெங்களூருவிலிருந்து ஹைதராபாத் சென்ற பேருந்து மகபூப்நகர் மாவட்டத்தில் சிறுபாலச் சுவரில் மோதித் தீப்பிடித்து 45 பேர் கருகிப்போனார்கள். 2023 ஜூலை 1 அன்று நாக்பூரிலிருந்து புணே சென்ற பேருந்து, கதவு இருந்த இடப்பக்கமாகவே கவிழ்ந்து தீப்பற்றியதில் 25 பேர் மாண்டனர். தப்பியவர்கள் ஜன்னலை உடைத்து வந்தவர்கள். 2025 அக்டோபரில் பத்து நாள் இடைவெளிக்குள் ஜெய்சல்மேர் அருகே ஒரு பேருந்தும் கர்னூல் அருகே ஒரு பேருந்தும் எரிந்தன. கர்னூலில், சாலையில் கிடந்த இருசக்கர வாகனம் அடியில் சிக்கி இழுபட்டதில் பற்றிய தீ, உறங்கிக்கொண்டிருந்த 19 பயணிகளின் உயிரைக் குடித்தது. அங்கும் பிழைத்தவர்கள் கண்ணாடியை உடைத்துக் குதித்தவர்களே.

பட்டப்பகலில் இருக்கைப் பேருந்தில் தீப்பிடித்தால் ஒருவர் கத்தினால்கூட எல்லோரும் எழுந்து ஓடலாம். படுக்கைப் பேருந்தின் நிலைமை வேறு. திறக்க முடியாத கண்ணாடிகள், ஒருவர் பின் ஒருவராக மட்டுமே நடக்கக்கூடிய இடைவழி, எளிதில் பற்றும் மெத்தை, திரை, பலகைத் தடுப்பு எல்லாம் ஒரே கூண்டுக்குள் இருக்கின்றன. சூடும் புகையும் மேலே ஏறுவதால் மேற்படுக்கையில் இருப்பவர் விழிக்கும் முன்னரே மூச்சு முட்டிவிடும். பக்கக் கண்ணாடியை நடுவில் அடிப்பதைவிட மூலையில் அடித்தால்தான் எளிதில் நொறுங்கும் என்பதும், முன்கண்ணாடி இரு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே படலம் வைத்து ஒட்டியதாகையால் விரிசல் விடுமே தவிர அவ்வளவு எளிதில் உடைந்து விழாது என்பதும் எத்தனை பயணிகளுக்குத் தெரியும்? எனக்கே என் மருமகன் சொல்லித்தான் தெரிந்தது.

விதிகளுக்குப் பஞ்சமில்லை. படுக்கைப் பேருந்துகளின் கட்டமைப்புக்கென்றே ஏ.ஐ.எஸ். 119 என்ற தனித் தரநிலை இருக்கிறது. நெடுந்தூரப் பேருந்துகளில் தீயைக் கண்டறிந்து எச்சரிக்கும் கருவி வேண்டும் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2022 ஜனவரியிலேயே அறிவிக்கை வெளியிட்டது. பேருந்துக்குக் கூண்டு கட்டுவதில் நாடறிந்த கரூர் நம் மாநிலத்தில்தான் இருக்கிறது; அவசர வழி வைத்துக் கட்டத் தெரியாதவர்கள் அல்லர் நம் தொழிலாளர்கள். கட்டும்போது திறந்த கதவு, வண்டி சாலைக்கு வந்தபின் மூட்டை அடுக்கும் இடமாகிவிடுவதைத்தான் யாரும் கேட்பதில்லை. பண்டிகைக் காலத்தில் கூடுதல் கட்டணம் வாங்கினார்களா என்று சோதிக்க வண்டியை நிறுத்துகிறார்கள், அது நல்லதுதான். ஆனால் நான் பயணம் செய்த எந்த இரவிலும் ஓர் அதிகாரி உள்ளே ஏறி, அவசரக் கதவைத் தள்ளிப் பார்த்ததை நான் கண்டதில்லை.

பயணிகளாகிய நம் பங்கையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சுத்தியலைக் கழற்றிக்கொண்டு போனவர் நம்மில் ஒருவர்தானே! வீட்டில் எதற்கும் உதவாத அந்தச் சிறு பொருளுக்காக, அடுத்த இரவு அதே படுக்கையில் படுக்கப்போகும் குடும்பத்தின் ஒரே வழியை அடைத்துவிட்டோமே என்று அவருக்குத் தோன்றவில்லை. இடைவழியில் பெட்டியை வைத்துவிட்டு, எடுக்கச் சொன்னால் முறைப்பவர்களையும் பார்க்கிறேன். இப்போது நான் ஏறியவுடன் என் படுக்கையிலிருந்து கதவு வரை எத்தனை தடுப்புகள் என்று கையால் தொட்டு எண்ணிக்கொள்கிறேன். இருட்டிலும் புகையிலும் கண் உதவாது. செருப்பையும் கைப்பேசியையும் தலைமாட்டிலேயே வைத்துக்கொள்கிறேன்.

போக்குவரத்துத் துறைக்கு என் வேண்டுகோள் ஒன்றே. விமானத்தில் புறப்படுமுன் அவசர வழிகளைக் காட்டுவதுபோல, கிளாம்பாக்கத்திலோ நாகர்கோவிலிலோ வண்டி புறப்படுமுன் ஊழியர் ஒருவர் பயணிகளின் முன்னிலையில் பின்கதவைத் திறந்து மூடிக் காட்ட வேண்டும், சுத்தியல் இருக்கும் இடத்தையும் தீயணைப்பானையும் சுட்டிக்காட்ட வேண்டும் என்று உத்தரவிடுங்கள். இரண்டு நிமிடம்கூட ஆகாது. தகுதிச் சான்றுக்கு வரும் நாளில் மட்டும் திறக்கும் கதவாக அது இராமல், வரும் பொங்கல் கூட்டத்துக்கு முன்பாவது ஒவ்வோர் இரவும் அந்தக் கதவு திறக்கப்பட வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
வள்ளியூர், திருநெல்வேலி மாவட்டம்.