அம்மாவுக்கு எதற்கு டிபி டெஸ்ட்?

அன்புள்ள கவிதா,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் நலம், சின்னவன் ப்ளஸ் டூ பரபரப்பில் இருக்கிறான். முடக்குவாதத்துக்கு டோஃபாசிட்டினிப் மாத்திரை எழுதித் தந்த டாக்டர் முதலில் டிபி டெஸ்ட் எடுக்கச் சொன்னாராமே, இருமலே இல்லாத அம்மாவுக்கு எதற்கு என்று கேட்டிருந்தாய். நான் வகுப்பில் ஆசையாக எடுக்கும் பாடமே இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

டிபி கிருமியை மேக்ரோஃபேஜ் என்ற நோய் எதிர்ப்பு செல் விழுங்கிவிடும், ஆனால் தனியாக அதைக் கொல்ல முடியாமல் திணறும். அப்போது டி செல்கள் என்ற இன்னொரு வகை எதிர்ப்பு செல்கள் இன்டர்ஃபெரான் காமா என்ற சைட்டோகைனை, அதாவது செல்லுக்குச் செல் சேதி சொல்லும் புரதத்தை, சுரக்கின்றன. அது மேக்ரோஃபேஜின் மேலிருந்து சேதியை வாங்கும் ஏற்பியில் வந்து ஒட்டும். செல்லுக்குள் நீட்டியிருக்கும் ஏற்பியின் வாலில் ஜாக்1, ஜாக்2 என்று இரண்டு நொதிகள் இருக்கின்றன. அவை நெருங்கியதும் ஒன்றையொன்று தூண்டிக்கொண்டு அந்த வாலில் பாஸ்பேட்டைப் பதிக்கும், அங்கே ஸ்டாட்1 என்ற புரதம் வந்து உட்காரும், அதன் 701ஆம் இடத்து டைரோசினிலும் ஒரு பாஸ்பேட் ஏறும். அப்படி ஏறிய இரண்டு ஸ்டாட்1 ஜோடி சேர்ந்து உட்கருவுக்குள் போய், டிஎன்ஏவில் டிடிசி என்று தொடங்கி, நடுவில் எந்த மூன்று எழுத்து வந்தாலும் சரி, ஜிஏஏ என்று முடியும் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். உடனே பக்கத்து மரபணுவிலிருந்து ஆர்என்ஏ எழுதப்படும், அதிலிருந்து உருவாகும் புரதங்கள்தான் கிருமியைக் கொல்லும் பலத்தை மேக்ரோஃபேஜுக்குத் தரும். எல்லாம் அரை மணி நேரத்துக்குள்! ஏற்பியின் காலடியில் நின்ற அதே புரதம் போய் டிஎன்ஏவைத் தொடுகிறது, இடையில் வேறு யாரும் இல்லை. நியூயார்க்கில் ஜேம்ஸ் டார்னெல் குழுவும் லண்டனில் இயன் கெர், ஜார்ஜ் ஸ்டார்க் குழுக்களும் 1990களின் தொடக்கத்தில் இந்தப் பாதையைப் பிரித்துக் காட்டினார்கள். எத்தனை முறை பாடம் எடுத்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

அந்த ஏற்பி பிறவியிலேயே பழுதான குழந்தைகள் சிலர் உண்டு. பிசிஜி என்ற டிபி தடுப்பூசியிலிருக்கும் வீரியம் குறைந்த கிருமியே அவர்களை வீழ்த்திவிடும், பாவம்.

இப்போது அம்மா விஷயம். மூட்டை வீங்க வைக்கும் இன்டர்லூகின்-6 என்ற சைட்டோகைனும் ஜாக்1ஐ நம்பித்தான் வேலை செய்கிறது. மாத்திரை ஜாக்கைத் தடுப்பதால் வீக்கம் வடியும், ஆனால் மேக்ரோஃபேஜுக்குப் போகும் சேதியும் மங்கிவிடும். நம் ஊரில் எந்தத் தொந்தரவும் இல்லாமல் உள்ளே கிருமி உறங்குபவர்கள் ஏராளம், அது விழித்துக்கொள்ளலாம். அதனால்தான் டெஸ்ட். இக்ரா என்ற ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொல்லியிருந்தால், ரத்தத்தை டிபி கிருமியின் புரதங்களோடு கிட்டத்தட்ட ஒரு நாள் வைத்து, டி செல்கள் இதே இன்டர்ஃபெரான் காமாவைச் சுரக்கின்றனவா என்றுதான் பார்ப்பார்கள். பாசிட்டிவ் வந்தால் பயப்படாதே, அது நோய் என்று அர்த்தமில்லை. நோய் இல்லை என்று உறுதி செய்துவிட்டு, முதலில் தடுப்பு மருந்து ஆரம்பிப்பார்கள், அப்புறம்தான் இந்த மாத்திரை.

அம்மாவுக்கு முன்பு அக்கி வந்திருந்தால் அதையும் டாக்டரிடம் சொல், இந்த மாத்திரையில் அது திரும்ப வர வாய்ப்பு அதிகம். ரிப்போர்ட் வந்ததும் எழுது.

அன்புடன்,
மாலதி