படிவம் 'நன்றி' சொல்கிறது, மெயில் வரவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

குற்றாலம் சீசனில் புனலூர், கொல்லம் பக்கத்திலிருந்து ஆரியங்காவு வழியாக வருகிறவர்கள், இங்குள்ள விடுதிகளின் இணையதளப் படிவத்தில் அறை கேட்டு எழுதுகிறார்கள். அது விடுதிக்கு மெயிலாகப் போய்ச் சேர வேண்டும். நாலு மெயில் வரும், அஞ்சாவது வராது. விடுதிக்காரர்கள் 'நெட் சரியில்லை' என்று விட்டுவிடுகிறார்கள். படிவத்தை அனுப்பியதும் 'நன்றி' பக்கம் திறந்துவிட்டதென்றால் நெட் தன் வேலையை முடித்துவிட்டது, பழுது அதற்கப்புறம்தான்.

படிவத்தை இயக்கும் நிரல்மொழியான பிஎச்பியின் மெயில் ஃபங்ஷன் 'ட்ரூ' (சரி) என்றால், அதே சர்வரிலுள்ள மெயில் புரோகிராம் வாங்கிக்கொண்டது என்று மட்டுமே பொருள். வராத மெயிலின் நேரத்தை வைத்து மெயில் லாகில் (சர்வர் எழுதிவைக்கும் பதிவேட்டில்) தேடினால், பெறும் சர்வர் பதிலாகச் சொன்ன ஒரு மூன்றிலக்க எண் கிடைக்கும். 5-ல் தொடங்கினால் அடியோடு மறுப்பு. 4-ல் தொடங்கினால் 'கொஞ்சம் கழித்து வா'. எஸ்எம்டிபியில் (சர்வர்கள் மெயில் கைமாற்றும் முறையில்) பெறும் சர்வருக்கே நேரடியாக அனுப்பும் ஸ்கிரிப்ட், அதாவது படிவத்தின் பின்னால் ஓடும் நிரல், திரும்பப் போகாது, மெயில் அதோடு சரி. வரிசையில் வைத்து மறுபடி முயலும் சர்வர் வழியாக, மெயில் ஒப்படைப்பதற்கான 587 போர்ட்டில் அனுப்ப வேண்டும்.

அதிகம் படுத்துவது, அனுப்புநர் யார் என்று காட்டும் 'ஃப்ரம்' வரி. பழைய ஸ்கிரிப்டுகள், படிவத்தில் எழுதியவரின் முகவரியையே அதில் வைக்கும். தன் முகவரியில் வேறு சர்வர் அனுப்பினால் நிராகரிக்கச் சொல்லி யாகூ 2014-லேயே டிமார்க் விதி (போலி அனுப்புநரைத் தடுக்கும் விதி) போட்டுவிட்டது. யாகூகாரர் கேட்ட அறை அப்படித்தான் காணாமல் போகிறது. 'ஃப்ரம்'-ல் விடுதியின் சொந்த டொமைன் முகவரி, எழுதியவர் முகவரி, பதில் போகவேண்டிய 'ரிப்ளை-டு'வில். டொமைனுக்கு எஸ்பிஎஃப் (எந்த சர்வர்கள் அதன் பெயரில் அனுப்பலாம் என்ற பட்டியல்), டிகிம் (மெயிலில் இடும் டிஜிட்டல் கையொப்பம்) இரண்டும் வேண்டும். ஹோஸ்டிங் மாற்றும்போது பழைய எஸ்பிஎஃப் ரெக்கார்டை நீக்காமல் புதிதாக ஒன்று சேர்த்தால் இரண்டு ரெக்கார்டுமே செல்லாது.

நம் பக்கத்துக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. மெயிலில் ஒரு வரி 998 பைட்டைத் தாண்டக் கூடாது. எழுத்துகளை பைட்டுகளாக மாற்றும் யூடிஎஃப்-8 முறையில் 'க' 3 பைட், 'கி' 6 பைட்; மலையாளத்துக்கும் அதே கணக்கு. என்டர் தட்டாமல் நாற்பது சொல் எழுதினாலே எல்லை வந்துவிடும். சில சர்வர்கள் திருப்பி அனுப்பும், சில எழுத்தின் நடுவிலேயே வெட்டும். மெயிலின் செய்திப் பகுதியை, சாதாரண ஆங்கில எழுத்து, எண்களாக மாற்றும் பேஸ்64 முறைக்கு ஆக்கி 76 எழுத்துக்கு ஒரு வரியாக வெட்டினால் போதும்.

ஆங்கிலத்தில் 'டெஸ்ட்' என்று ஒரு சொல் அனுப்பிப் பார்த்துவிட்டு பில் போடும் தளம் அமைப்பாளர்கள், யாகூ முகவரி கொடுத்து, என்டர் தட்டாமல் ஐம்பது சொல் தமிழில் ஒரு தடவை அனுப்பிப் பார்க்கட்டும்.

இணையதளப் பராமரிப்பாளர்,
செங்கோட்டை