மே மாதத்தில் எழுதிய தாள்: அரசு நியமனத்துக்குக் காத்திருக்கும் வழக்கறிஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள வழக்கறிஞர்களே,

உங்களில் சிலர் படைப்பணி முடித்துவிட்டுக் கருப்பு அங்கி போட்டவர்கள். சிலர் கல்லூரியிலிருந்து நேரே நீதிமன்றத்துக்கு வந்தவர்கள். என்றைக்காவது ஒருநாள் அரசு உங்களைக் கூப்பிட்டு ஒரு பதவியை நீட்டும். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் எலியட் ரிச்சர்ட்சன் என்ற அமெரிக்கரின் கதையை ஒருமுறை நிதானமாகப் படித்துவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

அவர் பெயர் வரும் இடத்திலெல்லாம் 1973 அக்டோபர் 20-ஐத்தான் சொல்கிறார்கள். அதிபர் நிக்சன் சொன்னதைச் செய்ய மறுத்து, அட்டர்னி ஜெனரல், அதாவது நீதித் துறையின் தலைவர் பதவியை விட்டு விலகிய நாள் அது. சட்ட வரலாறு கற்பிக்கும் எங்களுக்கு இதில் ஒரு மனக்குறை உண்டு. விலகியது சில நிமிட வேலை. அதைச் செல்லுபடியாக்கிய வேலையை அவர் அந்த ஆண்டு மே மாதமே செய்து வைத்திருந்தார்.

ஆள் யார் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறோம். 1920-ல் பாஸ்டனில், மருத்துவர்கள் நிறைந்த குடும்பத்தில் பிறந்தவர். ஹார்வர்டில் சட்டப் படிப்பைப் பாதியில் விட்டு 1942-ல் ராணுவத்துக்குப் போனார். 4-வது காலாட்படை டிவிஷனில், காயம்பட்டவர்களைத் தூக்கிவரும் ஸ்ட்ரெச்சர் பிளட்டூனுக்கு அவர் லெப்டினன்ட். 1944 ஜூன் 6, நார்மண்டியின் யூட்டா கடற்கரை. மணல்மேடுகளுக்குப் பின்னால் கண்ணிவெடி புதைத்த நிலத்தில் இன்னோர் அதிகாரி பாதம் சிதறிக் கிடந்தார். ரிச்சர்ட்சன் அடிமேல் அடி வைத்து உள்ளே போனார், அவரைத் தூக்கினார், போன தடத்திலேயே திரும்பி வந்தார். போரிலிருந்து வெண்கல நட்சத்திரப் பதக்கத்தோடும், காயத்துக்கான இரண்டு பர்ப்பிள் ஹார்ட் பதக்கங்களோடும் வீடு திரும்பினார்.

1947-ல் சட்டப் படிப்பை முடித்து, நீதிபதி லேர்னட் ஹேண்டிடமும், பிறகு உச்ச நீதிமன்ற நீதிபதி ஃபிராங்க்ஃபர்ட்டரிடமும் உதவியாளராக இருந்தார். மாசசூசெட்ஸில் மத்திய அரசு வழக்கறிஞர், மாநிலத் துணை ஆளுநர், மாநில அட்டர்னி ஜெனரல் என்று ஏறி, நிக்சன் அமைச்சரவையில் சுகாதாரம், பாதுகாப்பு ஆகிய துறைகளைப் பார்த்தார். பாதுகாப்புத் துறையில் நான்கு மாதம்கூட நிறையவில்லை. எதிர்க்கட்சி அலுவலகத்தில் நிக்சனின் ஆட்கள் புகுந்ததையும், அது மூடிமறைக்கப்பட்டதையும் பற்றிய வாட்டர்கேட் விவகாரம் முற்றியதும் அட்டர்னி ஜெனரலாக மாற்றினார்கள்.

இனிதான் கவனிக்க வேண்டிய இடம். நியமனத்துக்கு நாடாளுமன்ற மேலவையான செனட்டின் ஒப்புதல் வேண்டும். செனட்டின் நீதிக் குழுவோ, வாட்டர்கேட்டை விசாரிக்கச் சுதந்திரமான சிறப்பு வழக்குத் தொடுநர் ஒருவர் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றது. அந்தப் பொறுப்புக்கு ரிச்சர்ட்சன் தன் ஹார்வர்டு ஆசிரியர் ஆர்ச்சிபால்ட் காக்ஸை அழைத்தார். வாய்ப்பேச்சோடு விடவில்லை. காக்ஸின் அதிகாரங்கள் வரிவரியாக எழுதப்பட்டன. அவருடைய முடிவுகளில் அட்டர்னி ஜெனரல் தலையிடக் கூடாது. வெள்ளை மாளிகை ஆவணங்களைத் தர மறுத்தால் அவர் நீதிமன்றத்தில் எதிர்த்து வாதாடலாம். அசாதாரணமான முறைகேடு செய்தாலொழிய அவரை நீக்க முடியாது. பதவி ஏற்பதற்கு முன்பே இந்த வாசகம் செனட் குழுவின் முன் வைக்கப்பட்டது. ஜூன் மாதம் அரசிதழில் விதியாகவும் வெளிவந்தது. வாக்குறுதியை விதியாக மாற்றிய அந்த ஒரு படிதான் பின்னால் எல்லாவற்றையும் தாங்கியது.

நிக்சன் தன் அறையில் நடந்த பேச்சுகளை நாடாக்களில் பதிவு செய்துவந்தது ஜூலை 16 அன்று வெளியே தெரிந்தது. காக்ஸ் ஒன்பது நாடாக்களுக்குச் சம்மன் அனுப்பினார். விசாரணை நீதிமன்றமும் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவர் பக்கம் நின்றன. நாடாக்களைத் தர மாட்டோம், சுருக்கம் எழுதித் தருகிறோம், அதை செனட்டர் ஸ்டென்னிஸ் சரிபார்ப்பார் என்றது வெள்ளை மாளிகை. காக்ஸ் மறுத்தார். வழக்காடுகிறவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை: மூலம் இருக்கும்போது சுருக்கத்தைச் சாட்சியமாக எந்த நீதிமன்றம் ஏற்கும்?

அக்டோபர் 20, சனிக்கிழமை, காக்ஸை நீக்கச் சொன்னார் நிக்சன். முறைகேடு எதுவும் இல்லை, நான் எழுதிக் கொடுத்த வாக்கு இருக்கிறது என்று ரிச்சர்ட்சன் விலகினார். துணை அட்டர்னி ஜெனரல் ரக்கல்ஷாஸும் மறுத்தார். மூன்றாவது இடத்தில் இருந்த சொலிசிட்டர் ஜெனரல் ராபர்ட் போர்க் நீக்க உத்தரவில் கையெழுத்திட்டார்.

ஓட்டை எங்கே என்று பாருங்கள். செனட்டுக்கு வாக்குக் கொடுத்தவர் ரிச்சர்ட்சன். போர்க் கொடுக்கவில்லை. அடுத்து நாற்காலியில் உட்காருபவரை அது தனிப்பட்ட முறையில் கட்டவில்லை. ஆனால் விதி கட்டியது. போர்க் காக்ஸை நீக்கியது 20-ஆம் தேதி, விதியை ரத்து செய்தது 23-ஆம் தேதி. நீக்கிய அன்று விதி உயிரோடு இருந்தது, முறைகேடு என்று ஒரு குற்றச்சாட்டுகூட இல்லை. நவம்பரில் நீதிபதி கெசல் அந்த நீக்கம் சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தார். தேதி வரிசை ஒரு வழக்கை எப்படித் திருப்பும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எங்களிடம் இல்லை.

காக்ஸின் இடத்துக்கு வந்த லியான் ஜாவோர்ஸ்கியும் படைப்பணி பார்த்தவர்தான், ராணுவ வழக்கறிஞராகக் கர்னல் பதவி வரை போனவர். அவர் நியமனத்தில் ஓட்டையை அடைத்தார்கள். காங்கிரஸின் எட்டு தலைவர்களுடைய இசைவு இல்லாமல் அவரை நீக்க முடியாது என்று விதியில் சேர்த்தார்கள். 1974 ஜூலை 24 அன்று உச்ச நீதிமன்றம் எட்டுக்கு பூஜ்யம் என்று நாடாக்களைக் கொடுக்கச் சொன்னபோது, இந்த விதி நடைமுறையில் இருக்கும்வரை அரசும் அதற்குக் கட்டுப்பட வேண்டும் என்றது. இரண்டு வாரம் கழித்து நிக்சன் பதவி விலகினார்.

நம் அரசமைப்பின் 76-ஆம் பிரிவில் வரும் அட்டர்னி ஜெனரல், 165-ஆம் பிரிவில் வரும் மாநில அட்வகேட் ஜெனரல் ஆகிய பதவிகள், நியமித்தவர் விரும்பும் காலம்வரைதான். கீழே உள்ள அரசு வழக்கறிஞர் பணிகளிலும் நிலைமை பெரும்பாலும் இதுதான். ஆகையால் உங்களைக் கேட்டுக்கொள்கிறோம். நியமன ஆணையை வாங்கும் முன் எந்தெந்தக் கோப்பில் கடைசி முடிவு உங்களுடையது என்று எழுத்தில் கேளுங்கள். யார் எந்த வழியாக உங்களுக்கு உத்தரவிடலாம் என்பதும் அதில் இருக்கட்டும். வாய்மொழி உத்தரவு வந்தால் அன்றைக்கே கோப்பில் குறிப்பு எழுதி, நேரத்தையும் போடுங்கள். உங்களுக்குக் கீழே யாரையாவது நியமித்தால், நீங்கள் போன பிறகு வருகிறவரையும் கட்டும்படி அவருடைய ஆணையை எழுதுங்கள். ரிச்சர்ட்சன் எழுதிய வாசகத்தையும் ஜாவோர்ஸ்கிக்கு எழுதிய வாசகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துவிட்டு எழுத உட்காருங்கள்.

அன்புடன்,
சட்ட வரலாறு கற்பிக்கும் சிலர்